முதல் வரிசையில் உட்கார்ந்தால் பாடகர் குரல் ஏன் புரிவதில்லை?

கோத்தகிரிக்காரன்:

போன மாதம் உதகையில் ஒரு திறந்தவெளி மெல்லிசைக் கச்சேரிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய மேடை, நல்ல பாடகர்கள். அப்பாவுக்கு 74 வயது. ஒரு காதில் மிஷின் வைத்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்தால் கேட்காது என்று முதல் வரிசைக்கே டிக்கெட் எடுத்தேன். பின் வரிசையைவிட மூன்று மடங்கு விலை. மேடைக்கு நேர் நடுவில், பாடகியின் செருப்பு வார் தெரிகிற தூரம்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் பேஸ் வயிற்றில் வந்து இடித்தது. டிரம்ஸ்காரர் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் நேராக வந்தது. பாடகியின் வாய் அசைகிறது, குரல் மட்டும் ஏதோ கம்பளிக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி. பல்லவியில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. இரண்டாவது பாட்டில் அப்பா மிஷினைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, திரும்ப மாட்டினார். மூன்றாவது பாட்டில் பேட்டரியை மாற்றினார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். கோளாறு தன் காதில்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

நடுவில் டீ வாங்கப் பின்பக்கம் போனேன். சவுண்டு மிக்சர் வைத்திருந்த பந்தல் அருகில் நின்றால் அதே குரல் அவ்வளவு சுத்தம். பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் இருபது வரிசை தள்ளி இருப்பவருக்குக் கேட்பது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாரையும் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அப்பாவுக்கு விளக்க வேண்டும்.

கூடலூர் மிளகு:

எனக்கும் இந்தக் கதை உண்டு, ஆனால் நேர்மாறாக. இரண்டு வருடம் முன்பு இரண்டாவது வரிசையின் வலது ஓரம் கிடைத்தது. ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கு எனக்கு நேர் எதிரே. காது கிழிகிற சத்தம். வலப்பக்கம் அனுப்பிய கீபோர்டு மட்டும் கேட்டது, இடப்பக்கம் இருந்த கிடார் வரவே இல்லை. ராத்திரி முழுக்கக் காதில் ரீங்காரம். ஒரே வரிசையில் நடுவில் இருப்பவருக்குப் பஞ்சம், ஓரத்தில் இருப்பவருக்கு வெள்ளம்.

குன்னூர் மைக்செட்:

கோத்தகிரி தம்பி, முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், கோளாறு அவர் காதில் இல்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும். 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கல்யாண வீட்டு மைக் செட்டில் ஆரம்பித்து இப்போது லைன் அரே, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாக்ஸைத் தொங்கவிடும் அடுக்கு வரை கட்டுகிறேன். உங்கள் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலும் முன் வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கி 'சவுண்டு ஏத்து' என்று காட்டுவார்கள். ஏற்றினால் பேஸும் டிரம்ஸும்தான் ஏறும், குரல் தெளியாது.

டேப் வைத்து அளந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். மேடை அகலம் 12 மீட்டர். பாக்ஸ்கள் மேடைக்கு வெளியே இரண்டு பக்கமும், ஒன்றுக்கொன்று 14 மீட்டர் இடைவெளியில். ஆக, நடு நாற்காலிக்கு ஒவ்வொரு பக்கமும் 7 மீட்டர். முதல் வரிசை பாக்ஸ் கோட்டிலிருந்து மூன்றரை மீட்டர் முன்னால். பாக்ஸ் நேராகப் பார்த்தபடி இருந்தால் அந்த நாற்காலி அதன் நேர்முகத்திலிருந்து ஏறக்குறைய 63 டிகிரி விலகி இருக்கிறது. பாக்ஸ் அகலவாக்கில் வீசுவதோ 90 டிகிரி, அதாவது பக்கத்துக்கு 45. அப்பா உட்கார்ந்தது அந்த வீச்சுக்கு வெளியே. அதே நடுக்கோட்டில் 12 மீட்டர் தள்ளிப் போங்கள். விலகல் 30 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்து குரல் கொட்டும்.

வீச்சுக்கு வெளியே சத்தமே வராது என்று அர்த்தம் இல்லை, அதுதான் ஏமாற்றுகிறது. பேஸ் அரிக்கேன் விளக்கு மாதிரி, எல்லாப் பக்கமும் பரவும். மேல் சுருதிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி, காட்டின பக்கம்தான் போகும். பேச்சில் ச, த, ட, க எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுகிற கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்கு மேலும்தான் இருக்கிறது. அது போய்விட்டால் குரல் இருக்கும், வார்த்தை இருக்காது. நீங்கள் கம்பளி என்றீர்களே, சரியான வார்த்தை.

இன்னொன்று, மலையில் இது இன்னும் மோசம். சமவெளி மைதானத்தில் தொங்கவிடும் அடுக்கின் கடைசி இரண்டு பாக்ஸைக் குனியவைத்து முன் வரிசைக்குக் கொஞ்சம் கொடுப்போம். இங்கே மேடை பள்ளத்தில், கூட்டம் மேட்டில். பின்னால் இருப்பவர் நம் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று மொத்த அடுக்கையும் நிமிர்த்துகிறோம். முன் வரிசையின் தலைக்கு மேலேயே எல்லாம் போய்விடுகிறது.

மிக்சர் பிடிப்பவர் கேட்பது பந்தல் இருக்கும் இடத்துச் சத்தத்தை. அவருக்கு அங்கே நன்றாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை.

லவ்டேல் ரயில்:

பனி இறங்கினால் சத்தம் அமுங்கும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்குமா?

உதகை இயற்பியல்:

பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், இதில் என் பங்குக்குக் கொஞ்சம். முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவே மூன்று நான்கு மீட்டர்தான். அந்தத் தூரத்தில் பனியோ ஈரமோ குரலை விழுங்க வழியே இல்லை. சொல்லப்போனால் மேல் சுருதிகளை அதிகம் உறிஞ்சுவது காய்ந்த காற்று. ஈரக் காற்று பொதுவாக நல்லபடியாகவே கடத்தும்.

குளிர் வேறு விதத்தில் விளையாடும். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் நொடிக்கு 349 மீட்டர் அளவு, 10 டிகிரியில் 337. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்திருக்கிறது, அதனால் வேகம் மாறும் என்று மாணவர்கள் எழுதுவார்கள். மாறாது, வெப்பநிலை மட்டும்தான் கணக்கு. சாயங்காலம் தரையோடு குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றும் நின்றால் ஒலி மேலே போகாமல் கீழே வளையும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் இருப்பவருக்குக் கச்சேரி வீட்டு வாசலில் நடப்பதுபோல் கேட்பது அதனால்தான். அப்படியும் முன் வரிசைக்கு அந்த நேரம் ஒன்றும் சேராது. அதற்குக் காரணம் குன்னூர் அண்ணன் சொன்ன கோணம்தான்.

கீபோர்டு, கொடைக்கானல்:

மேடை மேலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். முன்பெல்லாம் பாடகர் காலடியில் மானிட்டர் பாக்ஸ் சாய்த்து வைத்திருப்பார்கள். தன் குரலைத் தானே கேட்க அவருக்காக வைத்தது, ஆனால் அதன் குரல் மேடையில் பட்டு முதல் இரண்டு வரிசைக்கும் வழியும். முன்னால் இருப்பவர்கள் கேட்டது பாதி அதைத்தான். இப்போது எல்லோரும் காதுக்குள் இயர்போன் மாட்டிக்கொள்கிறோம். எங்களுக்கு அது பெரிய நிம்மதி, சுருதி விலகுவதில்லை. ஆனால் மேடையில் குரல் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. டிரம்ஸ் மட்டும் தோலோடும் தட்டோடும் நேராக முன் வரிசைக்குப் போகிறது. கோத்தகிரி நண்பர் எழுதியதைப் படித்ததும்தான் எனக்கு இது உறைத்தது. இத்தனை வருடம் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாசித்திருக்கிறேன், அவர்களுக்கு என்ன கேட்கிறது என்று ஒருநாளும் கீழே இறங்கிப் பார்த்ததில்லை.

விழாக்குழு:

ஏற்பாட்டாளர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் விழாக்களில் பல வருடம் மேடைப் பொறுப்பு பார்த்தவன். தீர்வு எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மேடை விளிம்பில் சின்னப் பாக்ஸ் நாலு வைக்க வேண்டும், ஃப்ரண்ட் ஃபில் என்பார்கள். ஆனால் அந்த விளிம்புக்கு எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்று பாருங்கள். கோடை விழா என்றால் மேடை ஓரம் முழுக்கப் பூந்தொட்டி. சால்வியா, பேன்சி, மேரிகோல்டு என்று வரிசையாக அடுக்கிவிடுவார்கள், மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்கள் படம் எடுக்க வேண்டும் அல்லவா. அப்புறம் ஃபோட்டோகிராபர், வீடியோ ஆள், விளக்குக்காரர் வயர். முக்கிய விருந்தினர் முன்னால் கறுப்புப் பெட்டி நிற்பது அழகாக இல்லை என்று ஒருவர் சொல்வார். கடைசியில் பெட்டியைத்தான் எடுப்போம். ஒரு வருடம் பாக்ஸை வைத்துவிட்டுப் போனோம், காலையில் வந்து பார்த்தால் அதற்கு முன்னால் தொட்டி. இலை வழியாகப் பாட்டு வந்தது.

முன் வரிசைக்கு வருபவர்கள் பார்க்கத்தான் வருகிறார்கள், கேட்க வேண்டுமென்றால் நடுவில் உட்காரலாம் என்பது என் எண்ணம். அது தப்பா?

கோத்தகிரிக்காரன்:

ஐயா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அதிக விலைக்கு டிக்கெட் விற்கும்போது 'இது பார்ப்பதற்கு மட்டும்' என்று யாரும் சொல்லவில்லையே. ஊர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) முன்னால் பாய் விரித்து உட்கார்பவர்கள் எல்லோரும் பெரியவர்கள். மரியாதைக்காக முன்னால் உட்கார வைக்கிறோம். காது மந்தமானவர்களையே சத்தம் தெளிவில்லாத இடத்தில் உட்கார வைப்பதுபோல் ஆகிறது. என் அப்பா மாதிரி எத்தனை பேர் தன் காதைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

விழாக்குழு:

அந்தப் பெரியவர்களை நான் யோசிக்கவில்லை. நியாயம்தான்.

குன்னூர் மைக்செட்:

தொட்டி விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பூ அலங்காரம் செய்பவர் வருவதற்கு முன்பே பாக்ஸை வைத்து, அதன் முகத்துக்கு நேராக அரை மீட்டர் சுண்ணாம்பில் கோடு போட்டுவிடுங்கள். 'இங்கே தொட்டி வைக்காதீர்கள்' என்று வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், கோடு நிற்கும். இரண்டு பாக்ஸுக்கு நடுவில் எவ்வளவு தொட்டி வேண்டுமானாலும் வைக்கட்டும்.

எத்தனை பாக்ஸ் என்று கேட்பவர்களுக்கு: 90 டிகிரி வீசுகிற சின்னப் பாக்ஸ் 2 மீட்டர் தள்ளி இருக்கும் வரிசையில் 4 மீட்டர் அகலம் பிடிக்கும். 12 மீட்டர் மேடைக்கு மூன்று போதும். பாக்ஸ் 60 டிகிரிதான் வீசும் என்றாலோ, நாற்காலி இன்னும் கிட்டே வந்துவிட்டது என்றாலோ ஐந்து ஆகும். இவை போய்ச் சேருவது இரண்டு வரிசைக்குத்தான், அதிகம் போனால் மூன்று. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்பது சட்டம். 2 மீட்டரில் இருப்பவருக்குச் சரியாக இருந்தால் 4 மீட்டரில் இருப்பவருக்கு 6 குறைவு. அந்த இடத்தில் பெரிய பாக்ஸின் வீச்சு வந்து தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய பாக்ஸைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அதில் செலவே இல்லை, பத்து நிமிட வேலை. பல இடங்களில் அதுகூடச் செய்வதில்லை.

சின்னப் பாக்ஸில் என்ன அனுப்புவது என்பதில்தான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். மொத்த மிக்ஸையும் அப்படியே அனுப்பாதீர்கள். குரல் முதலில், அப்புறம் கீபோர்டு, புல்லாங்குழல், வயலின். டிரம்ஸ் வேண்டாம், அது மேடையிலிருந்தே வருகிறது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பேஸ்தான் ஏற்கெனவே நிறைய இருக்கிறதே. இடம் வலம் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து அனுப்புங்கள், கூடலூர்க்காரருக்கு நடந்தது நடக்காது.

பேஸ் பாக்ஸை மேடைக்கு முன்னால் தரையில், முதல் வரிசையின் காலடியில் அடுக்குவதையும் குறைக்க வேண்டும். வேறு இடம் இல்லாவிட்டால் நாற்காலியை ஒரு மீட்டர் பின்னால் தள்ளுங்கள். முன்னால் சத்தம் குறைவு என்று எல்லாவற்றையும் ஏற்றுவது அதைவிடத் தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை நிகழ்ச்சிகளுக்கு வகுத்த வரம்பு 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். ஓரத்தில் இருப்பவர் அதை எப்போதோ தாண்டிவிட்டிருப்பார்.

பூம்பாறைப் பூண்டு:

அண்ணே, இதெல்லாம் பெரிய மேடைக்கு. எங்கள் மலையில் செட்டு கீழே வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரவேண்டும். வேனில் இடம் பத்தாது என்றதும் கீழேயே இறக்கி வைத்துவிட்டு வருவது அந்தச் சின்னப் பாக்ஸ்களைத்தான். பேஸ் பாக்ஸை ஒருவனும் இறக்கமாட்டான், அது இல்லாவிட்டால் இளவட்டம் சண்டைக்கு வரும். போன திருவிழாவில் நான் என்ன செய்தேன் என்றால், பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் இரண்டு ஸ்டாண்டு ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கி மேடையின் இரண்டு படிக்கட்டுப் பக்கமும் உள்பார்த்து வைத்தேன். குரல் தெளிந்தது. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கிற மாதிரி, தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. அது ஏன்?

குன்னூர் மைக்செட்:

டிலே போடவில்லை, அதாவது சின்னப் பாக்ஸின் சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தி விடவில்லை, அதனால்தான். என் பழைய கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்ஸ் உயரத்தையும் சேர்த்தால் நடு நாற்காலிக்கு 8.4 மீட்டர். சின்னப் பாக்ஸ் 2 மீட்டர். வித்தியாசம் 6.4 மீட்டர். ஒலி ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட். ஆக சின்னப் பாக்ஸின் சத்தம் 19 மில்லி செகண்ட் முந்தி வருகிறது. சின்னதை அந்த 19-க்கு நிறுத்திவைத்து விட்டால் இரண்டும் கைகோத்து வரும். நிறுத்தாவிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று சில சுருதிகளில் வெட்டும், சிலவற்றில் கூட்டும். அந்தத் தகர டப்பா சத்தம் அதுதான். டிஜிட்டல் மிக்சர் என்றால் பெரும்பாலும் வெளியே போகிற ஒவ்வொரு வழிக்கும் டிலே உள்ளேயே இருக்கும், எண்ணைப் போட்டால் போதும்.

உதகை இயற்பியல்:

குளிரில் அந்த எண் மாறுமே என்று யாராவது கேட்பதற்கு முன்: 6.4 மீட்டருக்கு 30 டிகிரியில் 18.3, 10 டிகிரியில் 19. கவலைப்படும் அளவு இல்லை. ஆனால் 50 மீட்டர் பின்னால் ஒரு கூண்டுக் கம்பத்தில் பாக்ஸ் வைத்திருந்தால் மதியத்துக்கும் ராத்திரிக்கும் 5 மில்லி செகண்ட் வரை விலகலாம். அதை இருட்டியதும் ஒருமுறை திருத்த வேண்டும்.

இன்னொரு நல்ல சேதி. ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இதற்கு உதவும். முதலில் வருகிற சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் எல்லாம் வருகிறது என்று காது முடிவுகட்டுகிறது. சில மில்லி செகண்ட் தாமதமாக வருவது கொஞ்சம் உரக்க இருந்தாலும் தனியாகக் கேட்காது. ஆகவே பாடகி நிற்கும் இடத்தைக் கணக்கில் வைத்து டிலே போட்டால், சின்னப் பாக்ஸ் பேசுகிறது என்று முன் வரிசைக்குத் தோன்றாது. பாடகி பாடுகிறார் என்றுதான் தோன்றும்.

கீபோர்டு, கொடைக்கானல்:

ஒரு எச்சரிக்கை. பாடகர் உற்சாகத்தில் விளிம்புக்கு வந்து, மைக்கை நீட்டி ரசிகர்களைப் பாடச் சொல்வார். மைக் நேராகச் சின்னப் பாக்ஸின் வாய்க்கு முன்னால் போகும். ஊளையிடும். ஒத்திகையிலேயே எல்லைக்கோட்டைச் சொல்லிவிடுங்கள்.

கோத்தகிரிக்காரன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எங்கள் ஹட்டித் திருவிழாவில் முயற்சி செய்து பார்த்தோம். செட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். டேப் பிடித்து அளந்து காட்டியதும் அவரே ஆர்வமாகிவிட்டார். மேடை 8 மீட்டர்தான். சின்னப் பாக்ஸ் மூன்று வைத்தோம். தரையில் வைத்தபோது முன்னால் குழந்தைகள் வந்து நின்றுகொண்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து மேடை விளிம்பு மேலே வைத்ததும் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு வந்தது. பெரிய பாக்ஸ் இரண்டையும் உள்பக்கம் திருப்பினோம். டிலே 11 வந்தது. 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பதால் 5 மணிக்கே ஒத்திகை. நான் பாயில் பெரியவர்கள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். செட்டுக்காரரும் மிக்சரை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தம்பட்டை அடிக்கும்போது குரல் இன்னும் அமுங்கத்தான் செய்கிறது. நான்காவது வரிசையில் ஒரு ஓரம் மங்கலாக இருந்தது. ஆனால் முதல் இரண்டு வரிசைக்கு வார்த்தை போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா சொன்னார், 'அந்தப் பையன் இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை விட்டுவிட்டான்.' அன்றைக்கு மிஷினை அவர் ஒருமுறைகூடக் கழற்றவில்லை.

பூம்பாறைப் பூண்டு:

நான்காவது வரிசை ஓரம் எந்தப் பக்கம்? எங்களுக்கும் அதே இடத்தில்தான் மங்குகிறது.

கோத்தகிரிக்காரன்:

மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் இடது ஓரம். அங்கே நிலம் கொஞ்சம் தாழ்வு.

குன்னூர் மைக்செட்:

அப்படியென்றால் இடப்பக்கப் பெரிய பாக்ஸின் முகம் அந்த நாற்காலிகளின் தலைக்கு மேலே போகிறது. ஸ்டாண்டின் பின்காலுக்கு அடியில் ஒரு பலகை வைத்து இரண்டு மூன்று டிகிரி முன்னால் குனியவையுங்கள். சாய்வான தரையில் ஸ்டாண்டை ஏற்கெனவே கயிறு கட்டித்தான் நிறுத்தியிருப்பீர்கள், அந்தக் கயிற்றை மறக்காமல் மறுபடி இறுக்குங்கள். ராத்திரி காற்று வரும்.